பின்னணிப் பேச்சு பதிவில் சிக்கவில்லையா? கில்ட் வார்ஸ் 2 வசனம் சேர்ப்போருக்கான பிழை நீக்கும் வழிமுறை

கில்ட் வார்ஸ் 2 என்ற இணைய விளையாட்டில் 2014 பெப்ரவரியில் லயன்ஸ் ஆர்ச் நகரம் கதைப்படி அழிக்கப்பட்டது. 2015இல் அது புதிதாகக் கட்டப்பட்டு வந்தபோது பழைய தெரு முனைகளே மாறிப்போயிருந்தன. 2013–14இல் வந்த முதலாவது கதைப் பருவமும் அப்படித்தான் போனது. 2022இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்றாலும், அது மாற்றியமைக்கப்பட்ட வடிவம். அந்தக் காலத்துக் கடைக்காரரும் காவலரும் பேசிக்கொண்டது இன்றைக்கு வாசிக்கக் கிடைக்கிறதென்றால், யாரோ அங்கே நின்று கேட்டு எழுதிவைத்ததுதான் காரணம்.

அதனால் இப்படிப்பட்ட வசனங்களைக் கேட்டு விக்கியில் சேர்க்கும் எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. வரி மட்டும் இருந்தால் அது பதிவு இல்லை. யார் சொன்னார், எங்கே நின்று சொன்னார், எந்த நிலைமையில் சொன்னார், எந்தத் திகதியில் கேட்டது: நான்கும் சேர்ந்திருக்கவேண்டும். கீழே வரும் பிழைகள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று தவறுவதால் வருபவை. மிச்சம் கரண்டும் சிக்னலும் செய்கிற வேலை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இருந்து விளையாடுபவர்களுக்கு அது புதிதல்ல.

பேச்சுக் குமிழி தெரிகிறது, ஸ்கிரீன்ஷொட் எடுப்பதற்குள் மறைந்துவிடுகிறது

கை வேகத்தை நம்பி இந்த வேலை நடக்காது. வரி வந்த பிறகு விசையைத் தட்டினால் எப்போதும் பிந்தித்தான் போகும். நடந்து முடிந்ததைப் பின்னோக்கிச் சேமிக்கிற வழி வேண்டும். திரையைப் பதியும் ஓபிஎஸ் மென்பொருளில் ‘ரீப்ளே பஃபர்’ என்று ஒன்று இருக்கிறது. கடைசி சில விநாடிகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டே இருக்கும். விசையைத் தட்டினால் அந்தத் துண்டை மட்டும் கோப்பாக எழுதும்.

அமைப்புகளில் ‘அவுட்புட்’ பக்கத்துக்குப் போய் ரீப்ளே பஃபரை இயக்கி, நேரத்தை 90 விநாடி என்று வையுங்கள். விநாடிக்கு 15 சட்டகம், 2500 கிலோபிட் போதும். எழுத்து வாசிக்கத்தான் இந்த வீடியோ. சண்டைக் காட்சி காட்ட அல்ல. இந்தக் கணக்கில் 90 விநாடித் துண்டு ஏறத்தாழ 28 மெகாபைட். முழு நேரமும் பதிந்தால் மணிக்கு 1.1 கிகாபைட்டுக்கு மேல் போகும். பழைய மடிக்கணினியின் டிஸ்க் அதற்குத் தாங்காது.

விசையைத் தட்டியும் கோப்பு வரவில்லையா? ஓபிஎஸ்ஸைத் திறந்தது மட்டும் போதாது. ‘ஸ்டார்ட் ரீப்ளே பஃபர்’ பொத்தானை ஒவ்வொரு முறையும் அழுத்தவேண்டும். புதியவர்கள் தடுக்கி விழுகிற முதல் இடம் இது.

வீடியோ முழுக்கக் கறுப்பாக இருந்தால், மடிக்கணினியில் இரண்டு கிராஃபிக்ஸ் சிப் இருக்கிறதா என்று பாருங்கள். ‘கேம் கேப்சர்’ முறையில் எடுப்பதானால் விளையாட்டும் ஓபிஎஸ்ஸும் ஒரே சிப்பில் ஓடவேண்டும். ‘டிஸ்ப்ளே கேப்சர்’ முறை என்றால் ஓபிஎஸ் திரையை இயக்கும் உள்ளமைந்த சிப்பில் ஓடவேண்டும். விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்புகளில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் இதைத் தனித்தனியாகத் தெரிவுசெய்யலாம்.

குமிழி வருகிறது, சாட் பெட்டியில் ஒன்றுமில்லை

சாட் தாவலின் அமைப்பைத் திறந்து என்பிசி (ஆட்டக்காரர் இயக்காத பாத்திரம்) பேச்சு காட்டப்படுகிறதா என்று பாருங்கள். என்பிசி பேச்சுக்கென்றே ஒரு தாவல் வைத்து மற்ற அனைத்தையும் அதில் அணைத்துவிடுவது நல்லது. லயன்ஸ் ஆர்ச்சில் மற்ற ஆட்டக்காரர்களின் அரட்டை அவ்வளவு வேகமாக ஓடும். என்றாலும் சாட்டை மட்டும் நம்பவேண்டாம். அது பெயரையும் வரியையும் தரும். யாரைப் பார்த்துப் பேசினார், எங்கே நின்றார் என்பது குமிழி தெரியும் காட்சியில்தான் கிடைக்கும். இரண்டும் ஒரே சட்டகத்தில் விழும்படி கமராவை வையுங்கள். வரைபடத்தின் மூலையும் அதில் விழுந்தால் இடத்தைத் தனியாக எழுதவேண்டிய வேலை மிச்சம்.

விளையாட்டு தன் சாட்டை எந்தக் கோப்பிலும் எழுதிவைப்பதில்லை. மூடினால் போயிற்று. ‘பிறகு மேலே தள்ளிப் பார்த்து எழுதலாம்’ என்று விட்ட வரி கிடைக்காது.

என்பிசி வாயே திறப்பதில்லை

இதற்குக் காரணங்கள் பல. ஆனாலும் முதலில் பார்க்கவேண்டியது நேரம்.

விளையாட்டின் உலகமான டைரியாவில் ஒரு நாள் நம் கணக்கில் 2 மணி நேரம்: பகல் 70 நிமிடம், அந்தி 5, இரவு 40, விடியல் 5. இலங்கை நேரத்துக்கு இது அழகாகப் பொருந்துகிறது. இரட்டைப்படை மணி அடிக்கும்போது அங்கே பகல் தொடங்கும். மாலை 6.00க்குப் பகல், 7.10க்கு அந்தி, 7.15க்கு இரவு, 7.55க்கு விடியல், 8.00க்குத் திரும்பவும் பகல். நாளின் எந்த இரட்டைப்படை மணிக்கும் இதே கணக்கு. இரவில் மட்டும் பேசுகிறவர் வேண்டுமென்றால் 7.15 முதல் 7.55 வரை, அல்லது 9.15 முதல் 9.55 வரை நில்லுங்கள். அந்தியும் விடியலும் ஐந்தே நிமிடம் என்பதால் முன்கூட்டியே இடத்துக்குப் போய்விடவேண்டும். கேந்தா என்ற நிலப்பகுதியில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே பகலும் இரவும் ஆளுக்கு 55 நிமிடம். கதைக்காகத் தனியாகத் திறக்கும் இடங்கள் சிலவற்றில் நேரம் நகராமல் ஒரே நிலையில் நிற்கும்.

அடுத்தது தூரம். பின்னணிப் பேச்சு பலவும் ஆட்டக்காரர் ஒருவர் கிட்டே வந்தால்தான் தொடங்கும். நீங்கள் வருமுன்பே இன்னொருவர் வந்து அதைத் தொடக்கிவிட்டுப் போயிருந்தால், நீங்கள் நிற்பது இரண்டு சுற்றுக்கு இடைப்பட்ட மௌனத்தில். நன்றாக விலகிப் போய், சில நிமிடம் கழித்துத் திரும்புங்கள். அசையாமல் ஒரே இடத்தில் நின்று காத்திருப்பது சில பேச்சுகளுக்குப் பலிக்கும், சிலவற்றுக்குப் பலிக்காது. இரண்டையும் செய்துபார்த்து, எது பலித்தது என்பதைப் பதிவில் சேருங்கள். அடுத்து வருகிறவருக்கு அது வரியைப் போலவே பயன்படும்.

பிறகு நிகழ்வு. குயின்ஸ்டேல் போன்ற திறந்த வெளியில் ஒரு நிகழ்வு ஓடும்போது அங்குள்ள விவசாயி ஓடி ஒளிந்துகொண்டிருப்பார். வெற்றி என்றால் ஒன்று சொல்வார், தோல்வி என்றால் வேறொன்று. தோல்விக்குப் பின் வரும் வரிகள்தான் பதிவுகளில் அதிகம் இல்லாதவை. யாரும் வேண்டுமென்று தோற்பதில்லை அல்லவா? ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், நிகழ்வில் கைவைக்காமல் ஒதுங்கி நின்று, அது தானாகத் தோற்க விடுங்கள். அந்த வரைபடத்தில் விளையாட வந்தவர்கள் இருந்தால் செய்யாதீர்கள். அவர்கள் ஆட்டத்தைக் கெடுத்து வரி சேர்ப்பதை நாங்கள் ஏற்பதில்லை.

விழாக்காலமும் உண்டு. ஹாலோவீன், வின்டர்ஸ்டே நாட்களில் சிலர் புதிதாக வந்து நிற்பார்கள். வழக்கமானவர்களும் வேறு பேச்சுப் பேசுவார்கள். விழா முடிந்தால் அடுத்த வருடம் வரை காத்திருக்கவேண்டும். அந்த நாட்களில் மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டு விழா வரிகளை மட்டும் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் மௌனம்தான், ஆனால் பழைய பதிவில் வரி இருக்கிறது என்றால், அது விளையாட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். பழைய வரியை அழிக்காதீர்கள். பகல், இரவு, நிகழ்வுக்கு முன், பின் என்று நான்கு நிலையிலும் கேட்டு, இரண்டாம் ஆள் ஒருவரும் உறுதிசெய்த பிறகு ‘வரலாற்றுப் பதிவு’ என்று குறியுங்கள்.

ஒரே என்பிசி, எனக்கு ஒரு வரி, நண்பருக்கு வேறு வரி

இருவரும் சரியாகவே எழுதியிருப்பார்கள். மாறியிருப்பது கேட்கிற பாத்திரம். மனிதர், சார், நோர்ன், அசூரா, சில்வாரி என்று ஐந்து இனம். ஆணா பெண்ணா என்பது. டர்மண்ட் பிரையரி, ஆர்டர் ஒஃப் விஸ்பர்ஸ், விஜில் என்ற மூன்று அமைப்புகளில் எதில் சேர்ந்தவர் என்பது. கதை எதுவரை முடிந்திருக்கிறது என்பது. மனிதப் பாத்திரம் என்றால் தெருவில் வளர்ந்தவரா, சாதாரணக் குடும்பமா, பிரபு குடும்பமா என்பதும் சேரும்.

முரண்பட்ட இரண்டு பதிவைப் பார்த்து ஒன்றை அழிப்பதுதான் இதில் நடக்கிற பெரிய சேதம். அழிப்பதற்கு முன் எது மாறியது என்று தேடுங்கள். இருவரும் ஒரே பார்ட்டியில் சேர்ந்து அதே என்பிசிக்கு முன்னால் நில்லுங்கள். சாட்டில் சாய்கோடு போட்டு ‘ஐபி’ என்ற கட்டளையை இருவரும் கொடுத்தால் சேர்வர் முகவரி வரும்; இரண்டும் ஒன்றென்றால் வரைபடத்தின் ஒரே பிரதியில் நிற்கிறீர்கள். அதன்பின் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: முதலில் இனம், அடுத்து ஆண் பெண், அடுத்து அமைப்பு. இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் வரி மாறியது என்று சொல்ல முடியாது.

இலவசக் கணக்கில் இரண்டு பாத்திரம்தான் வைக்கலாம். ஐந்து இனமும் ஒருவரிடம் இருக்காது. மூன்று பேர் சேர்ந்தால் ஐந்தும் வந்துவிடும். ஆறாவது இடத்தில் மனித இனத்தின் இன்னொரு குடும்பப் பின்னணியை வையுங்கள். யாரிடம் எந்தப் பாத்திரம், கதை எதுவரை என்பதை ஒரு தாளில் எழுதிக் குழுவில் போட்டுவிட்டால், வேலையைப் பிரித்துக்கொள்ளும்போது திரும்பத் திரும்பக் கேட்கவேண்டியதில்லை. ஒரு பாத்திரத்தைக் கதையின் தொடக்கத்திலேயே நிறுத்திவையுங்கள். கதையைத் தாண்டியபின் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. தொடக்கநிலை வரிகளுக்கு அந்த ஒரு பாத்திரம்தான் சாட்சி.

வசனத்தில் உங்கள் பாத்திரத்தின் பெயர் வந்தால் பெயரை அப்படியே விக்கியில் போடாதீர்கள். அந்த இடத்தில் ஆட்டக்காரரின் பெயர் வருகிறது என்பதைக் காட்டும் குறியை இடுங்கள். பாத்திரத்துக்குச் சாதாரண ஆங்கிலச் சொல் ஒன்றைப் பெயராக வைத்திருப்பவர்கள் இதில் தவறிவிடுவார்கள், அது வசனத்தின் பகுதி போலவே தெரியும்.

உரையாடல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை

இரண்டு மூன்று பேர் பேசும்போது நீங்கள் நடுவில் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். குறைந்தது இரண்டு முழுச் சுற்றுக் கேளுங்கள். வரிகளுக்கு இடையே எத்தனை விநாடி என்று குறித்தால், எல்லாவற்றிலும் நீண்ட இடைவெளி எங்கேயோ அங்கேதான் சுற்று முடிகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வரிசை மாறினால் அது உரையாடல் அல்ல. தனித்தனி வரிகள் எழுமாறாக வருகின்றன. அப்போது வரிசை எண் போடாமல் தனி வரிகளாகவே எழுதவேண்டும். நடுவில் பிடித்துத் தொடக்கம் கிடைக்கவில்லை என்றால் ‘தொடக்கம் பதியப்படவில்லை’ என்று மேலே எழுதுங்கள். ஊகித்து ஒரு வரியை முதலில் வைத்தால், பின்னால் வருகிறவர் அதைச் சரியென்று நம்பிவிடுவார்.

குரலில் கேட்பதும் எழுத்தில் வருவதும் வேறுபடும் இடங்களில் எழுத்தை முதன்மையாக வைத்து, குரல் எப்படி மாறியது என்பதைக் கீழே குறிப்பாகத் தாருங்கள். வீடியோவில் ஒலியும் சேர்ந்து பதியவேண்டும் என்பது இதனால்தான்.

ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் மென்பொருள்) தரும் எழுத்து குப்பையாக இருக்கிறது

படம் சரியில்லை. விளையாட்டின் இடைமுக அளவைப் பெரிதாக்கி, சாட்டின் எழுத்தளவையும் கூட்டி, ஒரே நிறமான தரையோ சுவரோ பின்னால் வரும்படி நின்று எடுங்கள். இலைக்கும் புல்லுக்கும் மேலே வரும் வெள்ளை எழுத்தை எந்த மென்பொருளாலும் ஒழுங்காக வாசிக்க முடியாது. ஸ்கிரீன்ஷொட் வழக்கமாக ஜேபெக்காகத்தான் சேமிக்கப்படும். எழுத்தின் ஓரம் கலங்கும். விளையாட்டின் தொடக்கக் கட்டளையில் பிஎம்பி என்று சேர்த்தால் இழப்பில்லாத படம் கிடைக்கும். கோப்புப் பெரிது, வாசித்து முடித்ததும் அழித்துவிடலாம்.

டெசராக்ட் என்ற ஓசிஆர் மென்பொருளுக்குக் கொடுக்குமுன் சாட் பகுதியை மட்டும் வெட்டி, இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கி, நிறத்தை நீக்கி, கறுப்பு வெள்ளையை மாற்றிப்போடுங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்துப் போல இருந்தால்தான் அது நன்றாக வாசிக்கும். அதன் பிறகும் பெரிய ‘ஐ’, சிறிய ‘எல்’, எண் 1 மூன்றும் ஒன்றுக்கொன்று மாறும். ‘ஆர்’, ‘என்’ அடுத்தடுத்து வந்தால் ‘எம்’ ஆகிவிடும். முற்றுப்புள்ளி மூன்று வருமிடத்தில் இரண்டே வரும். படத்தைப் பக்கத்தில் வைத்து ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்ப்பதே நம்பகமான வழி.

தொலைபேசியில் தட்டச்சுச் செய்கிறவர்கள் தானியங்கித் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். என்பிசி வேண்டுமென்றே கொச்சையாகப் பேசுவதை அது ‘திருத்தி’ வைக்கும். நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக்கிவிடும். பிறகு அதே வரியைத் தேடினால் சிக்காது.

விளையாட்டுக் கோப்பைப் பிரித்து வரிகளை மொத்தமாக எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி எடுத்த வரியில் யார், எங்கே, எப்போது என்ற மூன்றும் இருக்காது. கோப்பில் கிடப்பதாலேயே ஒரு வரி விளையாட்டில் பேசப்படுகிறது என்றும் ஆகாது. அதை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை.

விக்கியில் போட்டதும் வரி மறைகிறது, அல்லது பெட்டிக்குள் வருகிறது

மீடியாவிக்கியின் குறியீடு செய்கிற வேலை. வார்ப்புருவுக்குள் (டெம்ப்ளேட்) பெயரில்லாமல் இட்ட வசனத்தில் சமன் குறி (=) இருந்தால், அதற்கு முன்னாலுள்ளதை அளபுருவின் பெயர் என்று எடுத்துக்கொண்டு வரியையே காட்டாது. வசனத்துக்கு முன்னால் 1= என்று போட்டால் சரியாகிவிடும். நிமிர்ந்த கோடு (|) இருந்தால் அதோடு வரி வெட்டுப்படும். வரியின் தொடக்கத்தில் ஒரு வெற்றிடம் நின்றால் மொத்த வரியும் சாம்பல் பெட்டிக்குள் போகும். ஓசிஆரிலிருந்து ஒட்டும்போது இது அடிக்கடி நடக்கும். ஒற்றை மேற்கோள் குறி இரண்டு அடுத்தடுத்து வந்தால் அங்கிருந்து சாய்வெழுத்து. சேமிக்குமுன் முன்தோற்றம் பார்த்தால் இவை எல்லாமே கண்ணில் படும்.

மழை பெய்தால் வசனம் வருவதில்லை; வந்தால் மொத்தமாகக் கொட்டுகிறது

வீட்டு 4ஜி அலைவரிசையை மழை பெரிதாகக் குறைப்பதில்லை. மலையில் அநேகமாகக் கெடுவது கோபுரத்தின் மின்சாரம், இல்லாவிட்டால் கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்குப் போகும் நுண்ணலை இணைப்பு. அதன் உயர்ந்த அலைவரிசையைக் கனமழை உண்மையிலேயே தடுக்கும். அதனால் மழையில் ரவுட்டரை இடம் மாற்றிப் பயனில்லை. மழையில்லாத நாளிலும் இதே கோளாறு என்றால் மட்டும் கோபுரம் இருக்கும் திசை ஜன்னலுக்கு ரவுட்டரைக் கொண்டுபோங்கள். பள்ளத்தில் இருக்கும் லயங்களில் சில அடி நகர்த்தினாலே மாற்றம் தெரியும். ரவுட்டரிலிருந்து கணினிக்கு வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் பருவமழை. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பதுளை, பண்டாரவளைப் பக்கம் பருவமழை. இருபுறமும் ஆட்கள் உள்ள குழு பருவமழைக்கு ஏற்ப நேரத்துடன் தொடர்புடைய வேலைகளை மாற்றிக்கொள்ளலாம். இணைப்புத் தடுமாறிய நேரத்தில் எடுத்த விநாடி இடைவெளிக் கணக்கைப் பதிவில் சேர்க்காதீர்கள். வரி சரியாக இருக்கும், இடைவெளி பொய்யாக இருக்கும்.

கரண்ட் போனது, வீடியோ திறக்கவில்லை

ஓபிஎஸ்ஸில் சாதாரண எம்பி4 வடிவில் பதிந்தால், கோப்பு முறையாக மூடப்படாவிட்டால் முழுவதும் வீண். எம்கேவி வடிவை வையுங்கள். இடையில் கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது திறக்கும். எம்பி4 தேவையென்றால் பிறகு ‘ஃபைல்’ பட்டியலில் உள்ள ‘ரீமக்ஸ்’ மூலம் மாற்றலாம், தரம் குறையாது.

ஹாலோவீன் விழாவும் ஒக்டோபர், நவம்பர் இடிமின்னல் காலமும் எங்கள் பக்கம் ஒன்றாகவே வரும். பிற்பகல் இடி வழக்கம் என்பதால் விழா வரிகளைக் காலையில் எடுங்கள். இடி நெருங்குமுன்பே மின் இணைப்பை மட்டுமல்ல, தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிடவேண்டும். செப்புக் கம்பி வழியாக வரும் மின்னலை யுபிஎஸ் தடுக்காது. ரவுட்டருக்குச் சிறிய யுபிஎஸ் வாங்குவதானால் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவு சரியாகப் பொருந்தவேண்டும், அம்பியர் அதற்குக் குறையக்கூடாது.

சேமிக்கும்போது எழுதியது போகிறது, அல்லது ‘உங்கள் முகவரி தடுக்கப்பட்டுள்ளது’ என்று வருகிறது

நீண்ட நேரம் திறந்து வைத்த தொகுப்புப் பக்கத்தில், இடையே இணைப்பு அறுந்தால் அமர்வுத் தரவு தொலையும். எழுதுவதை நோட்பேடில் எழுதி, கடைசியில் ஒட்டிச் சேமியுங்கள். ‘அமர்வு இழப்பு’ என்று வந்தால் இன்னொரு முறை சேமிக்க அழுத்துங்கள். அதுவும் பலிக்காவிட்டால் வெளியேறி உள்நுழையுங்கள்.

தடை வந்தால் பதறவேண்டாம். மொபைல் இணைப்பில் பலர் ஒரே வெளி முகவரியைப் பகிர்கிறார்கள். அவர்களில் யாரோ செய்த குறும்புக்கு விழுந்த தடை உங்களையும் பிடிக்கிறது. கணக்கில் நுழைந்து முயலுங்கள். நீங்காவிட்டால் உங்கள் பேச்சுப் பக்கத்தில் நிர்வாகிக்கு எழுதுங்கள். விபிஎன் போட்டு நுழையப் பார்க்காதீர்கள், அந்த முகவரிகள் ஏற்கெனவே தடுக்கப்பட்டிருப்பது வழக்கம்.

புதியவரின் டேட்டா முழுதும் தரவிறக்கத்திலேயே தீர்கிறது

விளையாட்டின் தரவு ஏறத்தாழ முழுவதும் ‘ஜிடபிள்யூ2 டொட் டாட்’ என்ற ஒற்றைக் கோப்பில் இருக்கிறது. வைத்திருப்பவரிடம் பிரதி எடுத்து, புதியவரின் விளையாட்டுக் கோப்புறையில் போட்டால், இல்லாத பகுதியை மட்டும் அது தரவிறக்கும். ‘கோப்பு பெரிது’ என்று பென்டிரைவ் மறுத்தால் அது ஃபாட்32 வடிவில் இருக்கிறது. 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபாட் அல்லது என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும், முதலில் வேறிடத்தில் எடுத்துவையுங்கள். பிரதி எடுக்கும் நேரத்தில் விளையாட்டு மூடியிருக்கவேண்டும். கோப்பை மட்டும் கொடுங்கள். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்கவேண்டாம், அவரவர் கணக்கை அவரவர் இலவசமாகத் திறந்துகொள்ளலாம்.